அய்யா திரும்பி வரும் காட்சி

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தொடரின் முடிவு முன்பே தெரியும். செத்துப்போனதாக எல்லோரும் நம்பும் பெரிய மனிதர் சாகவில்லை. கடைசிக் காட்சியில் வாசல் வழியாக உள்ளே வருவார். சுவரில் தொங்கும் தன் படத்தை நிமிர்ந்து பார்ப்பார். படத்துக்குப் போட்டிருக்கும் மாலையைத் தன் கையாலேயே கழற்றிக் கீழே வைத்துவிட்டு, “தண்ணி குடுங்க” என்பார். அத்துடன் கதை முடியும். எங்களுக்கு இது தெரிந்திருந்ததற்குக் காரணம், அந்த மனிதராக வந்தவர் என் தகப்பனார், எங்கள் அய்யா.

நடித்தார் என்று சொல்வது அதிகம். வாராவாரம் ஓடிய அந்தக் குற்றத் தொடர் முழுவதும் அவர் ஒரு படமாகத்தான் வந்தார். கடற்கரைப் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றின் கூடத்தில், மாலையும் சின்ன மின்விளக்குமாகத் தொங்கினார். அவருக்குக் கீழே ஆட்கள் அழுதார்கள், சண்டை போட்டார்கள், பாகம் பிரித்தார்கள். பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் அவரை அண்ணாந்து பார்த்து யோசித்தார்.

நான் ராமநாதபுரத்தில் ஒரு செய்தித்தாளில் வேலை பார்க்கிறேன். முதலில் நிருபராக இருந்தேன், இப்போது அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதுவதைத் திருத்துகிறேன். படப்பிடிப்புக் குழு எங்கள் பக்கம் வந்தபோது, படகு எங்கே கிடைக்கும், யாரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்று விசாரிக்க என் வீட்டுக்கு வந்தார்கள். கண்ணாடி மாற்றுவதற்காக ஊரிலிருந்து வந்திருந்த அய்யா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கமுதிப் பக்கம் மிளகாய் விவசாயம் செய்கிற சம்சாரி. மீசை பெரிது. இயக்குநர் என்னிடம் பேசிக்கொண்டே அந்த மீசையைப் பார்த்தார்.

“அய்யா, உங்கள ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?”

“எடுங்க. காசா பணமா?” என்றார் அய்யா.

அந்தப் படத்துக்கு மாலை போடப்போகிறார்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அம்மா ஊரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள்.

“உசுரோட இருக்கற மனுசன் படத்துக்கு மாலையா? யாரு சம்மதிச்சது?”

எங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பவரின் படத்தில் பூ பட்டாலே பதறுவார்கள். கல்யாண வீட்டில் பிளக்ஸ் பேனர் வைக்கும்போதுகூடப் படத்தின் மேல் தோரணம் சரிந்து விழாமல் இழுத்துக் கட்டுவார்கள். சினிமாக்காரர்களிடமும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. பிணமாகப் படுத்து நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடித்துக்கொள்வார்கள். உதவி இயக்குநராக இருந்த இளைஞர் இதை அம்மாவிடம் பொறுமையாக விளக்கினார்.

“கவலையே படாதீங்கம்மா. கதைப்படி அய்யா சாகவே இல்ல. கடைசி எபிசோட்ல அவரே வந்து அவர் கையால மாலைய எடுத்துருவாரு. அதான் ட்விஸ்ட்டே.”

“எடுக்கிறத டிவில காட்டுவீகளா?”

“அதுக்காகத்தானம்மா கதையே.”

அம்மா அதைக் கேட்டுத்தான் சம்மதித்தாள். அந்தக் காட்சியைப் பெரியபட்டினத்தில், வாடகைக்குப் பிடித்த ஒரு பழைய வியாபாரக் குடும்பத்து வீட்டில் எடுத்தார்கள். அம்மா நேரில் வந்து நின்று பார்த்தாள். அய்யா திரும்பத் திரும்ப வாசலிலிருந்து உள்ளே வந்தார். மாலையை எடுத்தார். தண்ணி கேட்டார். கடைசியில் கேமராவைப் பார்த்துச் சிரிக்கவும் வைத்தார்கள். பாக்கிக் காட்சிகளுக்காக மாலை மறுபடி படத்துக்கு ஏறியது.

தொடர் ஓட ஆரம்பித்ததும் கமுதிச் சந்தையில் அவருக்குப் பெயர் மாறிவிட்டது. மிளகாய்க் கமிஷன் கடையில் ஆட்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். “வாங்க செத்தவரே, டீ சாப்பிடுறீகளா, இல்ல காக்காய்க்கு வச்சிருவமா?” அய்யா கோபப்படவில்லை. “பொறுங்கலே, வாரேன்” என்று மட்டும் சொல்வார். ஊருக்குள் எல்லோருக்கும் ரகசியம் தெரியும். சந்தையில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. தெருவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அய்யா அந்த ஒற்றை வசனத்தைச் சொல்லிக்கொண்டுதான் நுழைவார். “தண்ணி குடுங்க.” பெண்கள் சிரித்துக்கொண்டே செம்பை நீட்டுவார்கள்.

மிளகாய் பழுத்துப் பறிப்பு நடந்த நாட்களில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வரப்பில் நடந்து வந்தவர் மோட்டார் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வாய்வு என்றார். சோடா குடித்தார். நான் வற்புறுத்தி ராமநாதபுரத்தில் காட்டினேன். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரை டாக்டர் கணினித் திரையில் அய்யாவின் இதயத்தைக் காட்டினார். ரத்தம் ஓடும் குழாய்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன. சில இடங்களில் கோடு நூலாகி, ஒரு இடத்தில் அநேகமாக இல்லாமலே போயிருந்தது. “இது எப்ப வேணா அடைச்சுக்கும். பைபாஸ் பண்ணணும். தள்ளிப்போடாதீங்க” என்றார். நாள் குறித்துக் கொடுத்தார். ஒரு திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்.

அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். “ஞாயித்துக்கிழமையோட நாடகம் முடியுது. மாலை எறங்கிரும். சரி, மறுநாளே போவோம்.”

அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிறு நான் தொலைக்காட்சியைவிட அய்யாவைத்தான் அதிகம் பார்த்தேன். புதுச் சட்டை போட்டிருந்தார். மூச்சு இழுக்கும்போது கழுத்தெலும்புக்கு மேலே ஒரு குழி விழுந்தது. முந்தின வாரம் அந்தக் குழி இந்த அளவு ஆழமில்லை என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் அவருடைய பங்காளி, எனக்குச் சித்தப்பா முறை, வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மறுநாள் காலை மதுரைக்குக் கார் சொல்லியிருந்தது. பை கட்டி வாசலுக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று.

தொடரில் கரை ஒதுங்கிய ஒரு பிணத்தைத் திருப்பாலைக்குடிப் பக்கம் மீனவர்கள் கண்டெடுத்திருந்தார்கள். முகம் தெரியவில்லை. விரலில் இருந்த மோதிரத்தை வைத்துத்தான் அது பெரியவர் என்று முடிவு செய்தார்கள். ஆனால் இறந்தவருக்கான சர்க்கரை மாத்திரையை யாரோ மாதாமாதம் தொண்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் செத்த பிறகு வீட்டிலிருந்த அவருடைய செருப்பையும் காணவில்லை. அவர் உயிரோடு இருந்தால் மட்டுமே இந்த இரண்டுக்கும் அர்த்தம் உண்டு. இத்தனை வாரமும் கதையை இந்த முடிச்சை நோக்கித்தான் கொண்டுவந்திருந்தார்கள்.

கடைசிப் பகுதியில் பெரியவரின் தம்பி போலீஸ் ஜீப்பில் உட்கார்ந்து, நான்தான் கொன்றேன் என்று சொல்லி அழுதார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டரும் கேட்கவில்லை. பிறகு அந்தக் கூடம் வந்தது. ஆள் இல்லை. அய்யாவின் படம் மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது. காற்றில் மாலை அசைந்தது.  எல்லோரும் திரையில் இருந்த வாசலைப் பார்த்தோம்.

பணியாற்றியவர்களின் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. பிறகு சோப்பு விளம்பரம்.

“என்னண்ணே, ஒன்னயக் காணோம்?” என்றார் சித்தப்பா.

“விளம்பரம் முடியட்டும்லே. வாரேன்.”

விளம்பரம் முடிந்தது. சமையல் நிகழ்ச்சி தொடங்கியது. ஒரு பெண் சிரித்துக்கொண்டே வெங்காயம் நறுக்கினார். அதையும் கொஞ்ச நேரம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப அந்த மாத்திரைய வாங்குனது யாருய்யா? செத்தவனா வந்து வாங்குனான்?” சித்தப்பாதான் முதலில் வெடித்தார்.

“தம்பிக்காரன் எதுக்குக் கொல்லணும்? அண்ணன் முன்னாடி உக்காரக்கூட மாட்டானே அந்தப் பய” என்றாள் எதிர் வீட்டு அக்கா.

“என்னத்தக் கதை எழுதுனாய்ங்களோ. பாதிலயே எந்திரிச்சு பஸ்ஸுக்குப் போயிட்டாய்ங்க.”

“செருப்பு என்னாச்சு? அதையாவது சொல்ல வேணாமா?”

எனக்கும் அதே ஏமாற்றம்தான். பத்திரிகை அலுவலகத்தில் இடம் போதவில்லை என்றால் செய்தியைக் கீழிருந்து வெட்டுவோம். அதனால்தான் முக்கியமானதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடும்படி நிருபர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இவர்கள் முக்கியமானதைக் கடைசிவரை தூக்கிக்கொண்டு வந்து, அதையே வெட்டி எறிந்துவிட்டார்கள். ஆனால் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அம்மா எழுந்து டிவியை நிறுத்திவிட்டு, வாசலுக்குப் பக்கத்தில் இருந்த பையைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

“நாளைக்குப் போகல.”

ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நான் அம்மாவின் பின்னாலேயே போனேன்.

“அம்மா, டாக்டர் என்ன சொன்னாருன்னு நீயும்தான கேட்ட?”

“கேட்டேன். மாலையோட தொங்குற மனுசனக் கத்திக்கு அனுப்ப மாட்டேன்.”

“அது கதைம்மா.”

“கதைன்னுதான நானும் சரின்னேன்? கதைல எடுத்துருவோம்னுதான சொன்னாய்ங்க? எடுத்தாய்ங்களா? நீயும்தான பக்கத்துல நின்ன?”

 பேசிய பேச்சை வைத்துப் பார்த்தால் அம்மா பக்கம்தான் நியாயம் இருந்தது.

உதவி இயக்குநரைக் கூப்பிட்டேன். முதலில் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டதும் எடுத்தார். குரல் கம்மியிருந்தது.

“சார், நானே ஷாக்ல இருக்கேன். எடிட்டிங்ல தூக்கிட்டாங்க. சேனல்ல செகண்ட் பார்ட் கேக்குறாங்க. அதுக்கு ஓப்பனிங்கே அய்யா என்ட்ரிதான்.”

“எப்ப அது?”

“இன்னும் பேசிட்டுதான் சார் இருக்காங்க. அடுத்த வருஷம்… இல்லன்னா அதுக்கு அடுத்து.”

வெட்டிய காட்சியை மட்டுமாவது அனுப்பச் சொன்னேன். யாருக்கும் தெரிய வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் அனுப்பினார். அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். அதில் அய்யா உள்ளே வந்தார், மாலையை எடுத்தார். அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“மாலை போட்டத ஊரே பாத்துச்சு. எடுத்தத நாம மூணு பேரு பாத்தா ஆச்சா?” பிறகு திடீரென்று கேட்டாள். “அந்தப் படம் இப்ப எங்கன இருக்கு?”

அதையும் அவரிடமே கேட்டேன். பெரியபட்டினத்து வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததாகவும், இரண்டாம் பாகத்துக்குத் தேவைப்படும் என்பதால் அங்கேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். அதை அம்மாவிடம் சொன்னேன்.

“அப்ப இன்னமும் மாலையோடதான் தொங்குதா? இத்தன நாளா?” சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். “நீ அங்கன போ. ஒன் கையால மாலையக் கழட்டு. படத்தக் கொண்டா. அதுக்குப் பெறகு எந்த ஆசுபத்திரிக்குக் கூப்பிட்டாலும் வாரேன்.”

திங்கட்கிழமை காலை மதுரைக்குப் போன் செய்தேன். டாக்டரே பேசினார். “தள்ளிப்போடுறது உங்க விருப்பம். நான் சொன்னத மட்டும் மறந்துராதீங்க” என்றார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்றும், முந்தின நாளே வந்து சேரவேண்டும் என்றும் சொன்னார்கள். போனை வைத்துவிட்டு வெளியே வந்தபோது அய்யா மிளகாய்க் களத்தில் நின்றார். களம் முழுக்கச் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. காலால் ஒரு ஓரத்தைக் கிளறிவிட்டு நின்றார். இன்னும் கொஞ்சம் கிளறினார், நின்றார். வேலையைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது. மூச்சு வாங்குவதற்காக நிற்கிறார் என்பது தெரிந்தவனுக்குத்தான் தெரியும்.

அன்றே பெரியபட்டினத்துக்குப் புறப்பட்டேன். ராமநாதபுரம் தாண்டியதும் போன் அடித்தது. அம்மாவின் எண். வண்டியை ஓரம் கட்டி, போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன்.

“என்னம்மா?”

“மாலைய ரோட்டுல கீட்டுல போட்டுறாத. கடல்ல விட்டுரு. சோத்துக்கையால எடு.”

“சரிம்மா.”

“அவுக தூங்குறாக. அதான் மெதுவாப் பேசுறேன்.”

“மூச்சு நல்லா விடுறாகளா?”

போனில் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா எழுந்துபோய்ப் பார்க்கிறாள் என்று புரிந்தது. இருபுறமும் கருவேல மரங்கள். வெயிலில் வண்டி என்ஜின் சொடுக்குவிட்டுக்கொண்டிருந்தது.

“விடுறாக” என்றாள்.

பெரியபட்டினத்தில் அந்த வீட்டுப் பெரியவர் கைலியும் தொப்பியுமாக வாசலுக்கு வந்தார். படப்பிடிப்பின்போது அவரைப் பார்த்திருக்கிறேன். அவர்தான் முதலில் பேசினார்.

“வாங்க தம்பி. நேத்து நாங்க எல்லாரும் உக்காந்து பாத்தோம். கடைசில ஒங்க அத்தா வருவாகன்னு பிள்ளைகள்லாம் பாத்துக்கிட்டே இருந்துச்சுக. வரலையே? இந்தக் கூடத்துலதான எடுத்தாங்க?”

“வெட்டிட்டாங்க.”

“நல்லால்ல தம்பி. முடிவு நல்லால்ல.”

வந்த காரியத்தைச் சொன்னேன். அய்யாவுக்கு ஆபரேஷன் என்பதையும் அம்மாவின் நிபந்தனையையும் மறைக்கவில்லை. சொல்லிக்கொண்டே கூடத்துச் சுவரைப் பார்த்தேன். படம் தொங்கிய இடத்தில் ஆணி மட்டும்தான் இருந்தது.

“இது தொழுகிற எடம் தம்பி. இங்க உருவப்படம் மாட்டுறது இல்ல. சூட்டிங்குன்னு கேட்டாகளேன்னு விட்டோம். அவுக வண்டி கெளம்புனதும் இறக்கிட்டேன். மாலையையும் அப்பவே கழட்டியாச்சு. மவுத்தாகாம உசுரோட இருக்கற மனுசனுக்கு எதுக்குத் தம்பி மாலை?”

“அன்னைக்கேவா?”

“அந்த நிமிசமே. நாந்தான் கழட்டுனேன்.”

“மாலைய என்ன செஞ்சீங்க?”

அவர் சற்றுத் தயங்கினார். “வாசல்ல வச்சேன். வீட்டு ஆடு தின்னுருச்சு.”

பீரோவுக்கு மேலிருந்து, பழைய போர்வையில் சுற்றியிருந்த படத்தை எடுத்துவரச் சொன்னார். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. நான் கிளம்பும்போது வண்டிவரை வந்தார். “தொழுகையில அவுகளுக்காக துஆ செய்யுறேன். அத்தாகிட்ட சொல்லுங்க. சுகமாகி ஒருநா இங்க வரணும். அந்தத் தண்ணிய நாங்க குடுக்குறோம்.”

அம்மா போர்வையைப் பிரித்துப் படத்தை முந்தானையால் துடைத்தாள். மாலை பட்டிருந்த விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

“அன்னைக்கே எடுத்துட்டாகளா?”

“அன்னைக்கே. ஆடு தின்னுருச்சாம்.”

அம்மா என்னை முறைத்தாள். பிறகு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “நல்லாருப்பாக. நாடகம் ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மாலை எறங்கிருச்சு. நாந்தான் கெடந்து பொலம்பிருக்கேன்.” படத்தைப் பீரோவுக்குள் சேலைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டிவிட்டு, பையை மறுபடி வாசலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

பிரச்சினை தீர்ந்தது என்று நான் நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அய்யா அப்போது வாய் திறந்தார்.

“படத்துல எடுத்தா ஆச்சா? டிவில அப்படியேதான கெடக்கு.”

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

“வெள்ளிக்கிழமை வேணாம். களத்துல மிளகா கெடக்கு. ரெண்டாவது பாகம் எடுக்கிறாய்ங்களாம்ல, அதுல வந்த பெறகு பாத்துக்கிருவோம்.”

அதுவரை இப்படிப் பேசியது அம்மா. அவள் அந்தப் பேச்சை விட்டதும் அவர் எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து நடந்ததை நான் மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அம்மாவும் நானும் வாதாடிய அத்தனை நேரமும் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அம்மாவை மீறி நிற்க முடியாதவர் என்று நினைத்திருந்தேன். அம்மா தடுத்தது அவருக்கு வசதியாக இருந்திருக்கிறது. துண்டின் நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

அம்மா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“நீங்க பயப்படுறீக.”

“எனக்கென்ன பயம்.”

“அப்ப வாங்க, இப்பவே கெளம்புவோம்.”

அய்யா மறுபடி துண்டைச் சுற்றினார். நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அம்மா கண்ணாலேயே என்னை உட்காரச் சொன்னாள்.

“வாராவாரம் பாத்தேன்ல” என்றார் அய்யா கடைசியில். டிவி இருந்த பக்கம் பார்த்துத்தான் பேசினார். “மொத வாரம் எல்லாரும் அழுதாக. ரெண்டாவது வாரம் சொத்தப் பத்திப் பேசுனாக. அதுக்குப் பெறகு கல்யாணம் காட்சியெல்லாம் நடந்துச்சு. நான் மேல தொங்கிக்கிட்டே இருந்தேன். நான் இல்லாம எல்லாம் நடக்குது. சரி, கடைசில நாம உள்ள போவோம்ல, அன்னைக்கி எல்லாரும் அப்படியே நின்னுருவாய்ங்கன்னு இருந்தேன். பாத்தா, நான் வராமலே கதைய முடிச்சுப்புட்டாய்ங்க. நான் தேவையே இல்ல அவங்களுக்கு.”

மூச்சு வாங்கியது. நிறுத்தினார். பிறகு சொன்னார்.

“அங்கன மயக்கம் குடுத்துப் படுக்க வச்சுருவாக. திரும்ப வாரதும் வராததும் நம்ம கையிலயா இருக்கு?”

ஆபரேஷன்களைப் பற்றி நான் எத்தனையோ செய்திகளைத் திருத்தியிருக்கிறேன். டாக்டர் சொன்ன சாதக பாதகம் எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த இடத்தில் சொல்லக்கூடியதாக அதில் ஒன்றுமே இல்லை.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம். “அது நடிக்கிற வீடு. அங்கன சோறு ஆக்குறவுக வேற, திங்கிறவுக வேற. நீங்க இல்லாட்டி இன்னொரு மீசையக் கொண்டாந்து மாட்டிருவாக. இங்கன களத்துல கெடக்குற மிளகாய யாரு அள்ளுவா? ஒங்க மகனா? அவனுக்கு நல்ல பழம் எது, வெளுத்த சண்டு எதுன்னு தெரியுமா? கமிஷன் கடைக்காரன் கிட்ட யாரு போயி மல்லுக்கட்டுறது? நானா?”

“என்னத்தத் தெரியும் அவனுக்கு” என்றார் அய்யா, என்னைப் பார்த்து. அந்த வாரத்தில் அவர் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அப்பப் போயிட்டு வந்து அள்ளுங்க.”

வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் காலை கார் வந்து நின்றபோது சட்டை போட்டுத் தயாராக இருந்தார். மானாமதுரை தாண்டியாயிற்று. நான் முன் இருக்கையில் இருந்தேன். மேலே இருந்த கண்ணாடியை என் பக்கம் திருப்பி, அதில் அவருடைய கழுத்துக்குழியைப் பார்த்துக்கொண்டே போனேன். டிரைவர் பார்த்துவிட்டு, “சார், கண்ணாடிய நீங்க திருப்பிட்டீங்கன்னா எனக்குப் பின்னாடி வர்ற லாரி தெரியாது” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அய்யாவின் மீசையை எடுக்க வேண்டியதில்லை என்று சொன்னார்கள். மார்பில் மட்டும் மழித்துவிட்டுப் பச்சைத் துணி போட்டுத் தள்ளுகட்டிலில் படுக்க வைத்தார்கள். கட்டிலைத் தள்ள வந்த ஊழியர் அவர் முகத்தைக் குனிந்து பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

“அய்யா, நீங்க அந்த நாடகத்துல செத்தவரு தான?”

 அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அய்யா படுத்தபடியே அவரைப் பார்த்தார்.

“சாகலப்பா. கடைசில வருவேன். வெட்டிப்புட்டாய்ங்க.”

“அப்படியா! அதான பாத்தேன், மாத்திரை கணக்கு எங்கயோ இடிக்குதேன்னு” என்றார் ஊழியர். பேசிக்கொண்டே கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார். இரட்டைக் கதவு திறந்து மூடியது. கதவுக்கு அந்தப் பக்கமும் அய்யா ஏதோ விளக்கிக்கொண்டே போவது கொஞ்ச தூரம் கேட்டது.

நாங்கள் இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்தோம். ஊரிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். வானம் இருட்டிக்கொண்டு வந்ததாகவும், தெருவில் எல்லோருமாகச் சேர்ந்து மிளகாய் முழுவதையும் அள்ளி வீட்டுக்குள் கொட்டிவிட்டதாகவும், ஒரு பழம்கூட நனையவில்லை என்றும் சொன்னார். அம்மாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் எழுந்து நின்றோம். ஒவ்வொரு முறையும் வேறு யாருக்கோதான் திறந்தது.

பிற்பகலில் டாக்டர் வந்தார். தொப்பியின் தடம் அவர் நெற்றியில் பதிந்திருந்தது. முடிந்தது என்றார். நல்லபடியாக முடிந்தது என்று அவர் சேர்த்துச் சொல்வதற்குள் ஒரு செவிலியர் குறுக்கிட்டு ஏதோ கேட்டார். அந்த இடைவெளியை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. கண் விழித்ததும் ஒருவர் மட்டும் போய்ப் பார்க்கலாம், நிறையப் பேசக்கூடாது என்றார். ராத்திரி அய்யா கண் விழித்துவிட்டார் என்றதும் அம்மாவை அனுப்பினேன்.

சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாள். கைகழுவிய ஈரத்தைச் சேலையில் துடைத்தாள்.

“பேசினாகளா?”

“வாயில குழா இருக்கு. பேச முடியாது. கண்ண மட்டும் தொறந்து பாத்தாக. நாந்தான் பேசுனேன்.”

“என்ன சொன்ன?”

“களத்துல மிளகா அப்படியே கெடக்கு, ஒருத்தரும் அள்ளலன்னு சொன்னேன்.”